கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள்

கடந்த கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் ஒன்பதாம் வகுப்பறைக்கு ஒரு மீன் தொட்டி வந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் தம் வீட்டில் சும்மா கிடந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டு கப்பி மீன்களை ஒரு மாணவி கொண்டுவந்தாள். வீட்டுக் கொல்லையில் பிளாஸ்டிக் தொட்டியில் அவள் வளர்த்து வந்தவை அவை. அவளுடைய அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை செய்கிறார். காலை ஏழரை மணிக்குக் கம்பெனிப் பேருந்து ஏறினால் மாலை இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புவார். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. மீன்களைப் பாலிதீன் பையில் எடுத்து வந்த அன்றுதான் அவளாக என் மேசைக்கு வந்து நின்றாள்.

ஒளி, வெப்பம், உயிரிகளின் தகவமைப்பு, நீர் மாசு என்று தனித்தனிப் பாடங்களாக நாம் நடத்துவதை ஒரே தொட்டியைச் சுற்றி நடத்த முடியுமா என்ற ஆசையில்தான் தொட்டியை வாங்கி வைத்தேன். நடத்த முடிந்தது. ஆனால் நான் திட்டமிட்ட வழியில் அல்ல. என் தவறு ஒன்றிலிருந்துதான் அந்தப் பாடம் தொடங்கியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாள் ஒட்டிய கதை

தொட்டியை வகுப்பின் மேற்குப் பக்க ஜன்னலை ஒட்டி ஒரு மேசையில் வைத்தோம். பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. முதல் நாளே ஒரு சிக்கல். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடி வழியாக ஜன்னல் கம்பி, வெளியே போகும் பேருந்து, பம்பின் ஒயர் எல்லாம் தெரிந்தன. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் மீன்கள் வெறும் நிழல்களாகத் தெரிந்தன. ஆண் கப்பியின் வாலில் உள்ள சிவப்பும் நீலமும் கண்ணில் படவே இல்லை. மீன்களும் பம்பின் பின்னால் ஒண்டிக்கொண்டே இருந்தன. பிள்ளைகள் கிட்டே போனால் திடுக்கிட்டு ஓடின.

மீன் வளர்ப்போர் வழக்கமாகச் செய்வதை நானும் செய்தேன். பின்பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கறுப்புச் சார்ட் தாளை ஒட்டினேன். பலன் உடனே தெரிந்தது. சிவப்பு சிவப்பாகத் தெரிந்தது. தண்ணீருக்கு ஆழம் கூடியது போல இருந்தது. "டீச்சர், டிவி மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். இது ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல மாலையில் மின்சார மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டில் ஏழு மீன்கள் செத்து மிதந்தன.

அந்த மாணவி தொட்டியின் முன் நின்று எண்ணினாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "கறுப்புத் தாள் ஒட்டினதாலயா டீச்சர்?" என்று கேட்டாள். கேள்வியில் கோபம் இல்லை. ஆனால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. "எனக்கு இன்னும் தெரியலம்மா. கண்டுபிடிப்போம். ஆனா தாளை ஒட்டினது நான்தான்" என்றேன். மழுப்பியிருந்தால் அந்தப் பிள்ளை மறுபடி என் மேசைக்கு வந்திருக்க மாட்டாள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

காரணங்களின் பட்டியல்

அன்றைய பாடவேளையில் வேறு எதுவும் நடத்தவில்லை. "மீன்கள் ஏன் செத்தன?" என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதினோம். தீனி அதிகமாகிவிட்டது. தண்ணீரில் குளோரின் இருந்தது. பம்பு இரண்டு நாள் ஓடவில்லை. ஜன்னலின் ஒரு கதவு சரியாகச் சாத்தாததால் பிற்பகல் வெயில் நேராகத் தொட்டிமேல் விழுந்தது. கறுப்புத் தாள் வெயிலை இழுத்தது. யாரோ ஏதோ போட்டுவிட்டார்கள்.

பிறகு ஒவ்வொன்றையும் சரிபார்த்தோம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்றினோம், குளோரின் அடிபட்டது. சனி, ஞாயிறு யாரும் வகுப்புக்கு வரவில்லை; கடைசிக் காரணமும் அடிபட்டது. மாலையில் ஊரில் உள்ள வண்ணமீன் கடைக்காரரிடம் கேட்டேன். "புதுத் தொட்டி இல்லையா டீச்சர்? ஒரு மாசம் தண்ணி பழகணும்" என்றார். அவர் சொன்னதன் அறிவியல் இதுதான்: மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பன்னிரண்டு மீன்களையும் ஒரே நாளில் விட்டது என் அவசரம். பட்டியலில் அதையும் சேர்த்தேன்.

எஞ்சியவற்றில் வகுப்பிலேயே சோதிக்கக்கூடியது ஒன்று இருந்தது. கறுப்புத் தாளுக்குப் பங்கு உண்டா?

செயல்பாடு 1: மூன்று குப்பிகள்

ஒரே மாதிரியான மூன்று தண்ணீர்க் குப்பிகளை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீர். ஒன்றின் பாதிச் சுற்றளவில் கறுப்புத் தாள். இரண்டாவதில் அதே அளவு வெள்ளைத் தாள். மூன்றாவது வெறும் குப்பி. தாள் ஒட்டிய பக்கம் வெயிலைப் பார்க்கும்படி அதே ஜன்னலில் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்தோம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலைமானியில் அளந்து அட்டவணையிட்டோம். கறுப்புக் குப்பி முதல் அரை மணி நேரத்திலேயே முந்திவிட்டது. வெறும் குப்பி நடுவில். வெள்ளைக் குப்பி கடைசியில். உங்கள் ஊரில், உங்கள் மாதத்தில் அளவுகள் வேறாக இருக்கும், வரிசை மாறாது.

இந்தச் சோதனையின்போது ஒரு மாணவன், "மிச்சம் இருக்கற மீனை ஒவ்வொரு பாட்டில்லயும் விட்டுப் பாக்கலாமா டீச்சர்?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், "மீனை வெச்சுப் பாக்கக் கூடாது. தெர்மாமீட்டரே போதும்" என்று ஒரு குரல் வந்தது. அதிகம் பேசாத அந்தப் பிள்ளையின் குரல். உயிரிகளைக் கையாளும் நெறி பற்றி நான் தனியாக ஒரு பாடவேளை எடுத்திருந்தாலும் இத்தனை சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

தண்ணீர் சூடானால் மீனுக்கு என்ன? தண்ணீரின் வெப்பம் கூடக் கூட அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் குறையும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7. மறுபக்கம், வெப்பம் கூடினால் மீனின் உடலியக்கம் வேகமாகி ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறையும்போது செலவு ஏறுகிறது. போதாததற்கு, நீர்மேற்பரப்பைக் கலக்கி ஆக்சிஜன் சேர்க்க வேண்டிய பம்பை நான் அணைத்துவிட்டுப் போயிருந்தேன். வெப்பம் கூடினால் அமோனியாவின் நஞ்சும் கூடும்.

ஆகவே எங்கள் வகுப்பின் முடிவு இப்படி எழுதப்பட்டது: "கறுப்புத் தாள் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. வெயில் படும் இடத்தில் கறுப்புத் தாள், பம்பு நின்றது, புதுத் தொட்டி ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று நம்மால் பிரிக்க முடியவில்லை." சோதனையின் முடிவில் ஒற்றை வரியில் விடை எழுதியே பழகிய பிள்ளைகளுக்கு, இவ்வளவுதான் தெரியும் என்று எழுதுவதும் முடிவுதான் என்பது புதிது. எனக்கும்தான்.

தொட்டியை ஜன்னலிலிருந்து எடுத்து, வெயில் படாத வடக்குச் சுவரோரம் வைத்தோம். பம்புக்குத் தனி இணைப்பு. மிஞ்சிய ஐந்து மீன்களோடு ஒரு மாதம் காத்திருந்தோம். ஒன்றும் சாகவில்லை. பிறகு மறுபடி கறுப்புப் பின்னணி வைக்கலாமா என்று கேட்டேன். வாக்கெடுப்பு நடந்தது. வைக்கலாம் என்று முடிவானது, அந்த மாணவியின் கையையும் சேர்த்து.

செயல்பாடு 2: எந்தக் கறுப்பு?

இந்த முறை எதை வைப்பது என்பதையே பாடமாக்கினேன். பிள்ளைகள் கொண்டுவந்தவை: கறுப்புச் சார்ட், கறுப்புத் துணி, கறுப்பு பாலிதீன், பிறகு நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்று, கறுப்புத் தோல். ஒரு மாணவனின் மாமா கடைத்தெருவில் செருப்புத் தைப்பவர். அவரிடமிருந்து வந்த வெட்டுத்துண்டு அது.

ஒவ்வொன்றையும் பின்கண்ணாடிக்கு வெளியே பிடித்துக்கொண்டு, முன்னால் நின்று பார்த்தோம். பாலிதீனில் டியூப்லைட்டின் பிம்பம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. தோலின் பளபளப்பான மேல்பக்கமும் அப்படியே. அதே தோலைத் திருப்பி, சொரசொரப்பான உள்பக்கத்தைக் கண்ணாடிப் பக்கம் வைத்தபோது கோடு மறைந்தது. ஒரே பொருளின் இரு பக்கங்களிலும் ஒழுங்கான எதிரொளிப்பையும் ஒழுங்கற்ற எதிரொளிப்பையும் காட்ட இதைவிட எளிய சாதனம் எனக்குக் கிடைத்ததில்லை. தோலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். விரல் உணரும் மேடுபள்ளம்தான் ஒளியையும் பல திசைகளில் சிதறடிக்கிறது என்பதை அவர்களே சொன்னார்கள்.

இன்னொன்றையும் கவனித்தார்கள். பின்னணி கறுப்பானதும் முன்கண்ணாடியில் தங்கள் முகம் முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. இரவில் ஓடும் பேருந்தின் ஜன்னலில் நம் முகம் தெரிவது போலத்தான். கண்ணாடிப் பரப்பு எப்போதும் சிறு பங்கு ஒளியை எதிரொளிக்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது அது அமுங்கிவிடுகிறது. பின்னால் இருட்டானதும் வெளிப்படுகிறது. இதற்குத் தீர்வு தொட்டிக்கு மேலே ஒரு சிறு விளக்கு. வகுப்பில் தொட்டிக்கு எதிரே உள்ள விளக்கை அணைப்பது. தொட்டிக்குள் வெளிச்சம் கூடுதலாகவும் பார்ப்பவர் பக்கம் குறைவாகவும் இருந்தால் முகம் மறைந்து மீன் தெரியும்.

செயல்பாடு 3: பக்கக் கண்ணாடி ஏன் கறுக்கவில்லை?

பின்பக்கம் வெற்றி பெற்றதும், பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றின் வெளியேயும் கறுப்புத் தாள் ஒட்டினோம். முன்னால் நின்று பார்த்தால் அது கறுப்பாகத் தெரியவில்லை. வெள்ளி பூசிய கண்ணாடி போல மின்னியது. அதில் மீன்களின் பிம்பங்கள் நீந்தின. தாளை எடுத்துவிட்டோமோ என்று சுற்றிப் போய்ப் பார்த்தார்கள். தாள் அங்கேதான் இருந்தது.

பல ஆண்டுகளாக முழு அக எதிரொளிப்பைக் கரும்பலகையில் வரைந்து நடத்திவருகிறேன். அது என் கண்ணெதிரே ஒரு தாளை மறைத்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 49 டிகிரி. நடுவில் இருக்கும் கண்ணாடி இணைப் பக்கங்களைக் கொண்ட தகடு என்பதால் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. முன்பக்கம் நின்று பார்க்கும் நம் கண்ணுக்கு வரும் கதிர்கள் பக்கவாட்டுக் கண்ணாடியில் சாய்வாகப் பட்டு வந்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் படுகோணம் 49 டிகிரிக்கு மேல். ஆகவே அந்தக் கண்ணாடியின் வெளிப்பரப்பிலேயே ஒளி முழுவதும் திரும்பிவிடுகிறது. வெளியே ஒட்டிய தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே மெல்லிய காற்றடுக்கு இருக்கும்வரை தாள் நம் கண்ணுக்கு வராது. பின்கண்ணாடியோ முன்கண்ணாடிக்கு இணையானது. அதில் படும் கதிர்கள் மாறுநிலைக் கோணத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே அங்கே ஒட்டிய தாள் தெரிகிறது.

அப்படியானால் காற்றடுக்கை நீக்கினால்? தாளைத் தண்ணீரில் நனைத்து மறுபடி ஒட்டினோம். நனைந்த இடமெல்லாம் சட்டென்று கறுத்தது. மடிப்பில் காற்று சிக்கிய இடம் மட்டும் வெள்ளியாக மின்னியது. வகுப்பே கைதட்டியது. தாள் காயக் காய மின்னல் திரும்பி வந்தது. நிலைக்க வேண்டுமானால் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவி, கறுப்பு பாலிதீனைக் காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டலாம்.

தொட்டி இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, வெளியே கறுப்புத் தாளைச் சுற்றுங்கள். மேலிருந்து நீர்ப்பரப்பின் வழியே டம்ளரின் பக்கச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவர் வெள்ளியாகத் தெரியும். தாளை நனைத்துச் சுற்றினால் கறுப்பாகும். தாளுக்குப் பதில் விரலை வைத்தால் விரல் தெரியாது. ஈரமான விரலை அழுத்தினால் ரேகை மட்டும் தெரியும். ஐந்து நிமிடம் போதும். செலவு இல்லை.

செயல்பாடு 4: மீன் எங்கே நிற்கிறது?

தொட்டியின் நீளத்தில் ஒரு பாதிக்குப் பின்புறமும் அடியிலும் கறுப்பு. மறு பாதிக்கு வெள்ளை. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை எந்தப் பாதியில் எத்தனை மீன் என்று எண்ண வேண்டும். முப்பது நிமிடம். இந்தப் பொறுப்பை மீன் கொடுத்த மாணவி கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் நாள் கறுப்புப் பக்கம் அதிகம். "மறைஞ்சுக்க இடம்னு நினைக்குது" என்றாள். உடனே ஒருவன், "பம்பு அந்தப் பக்கம் இருக்கே" என்றான். மறுநாள் தாள்களை இடம் மாற்றி ஒட்டி மறுபடி எண்ணினாள். பம்பு இல்லாத பாதி கறுப்பானபோதும் தொடக்கத்தில் அங்கேதான் அதிகம். நாளாக ஆகப் பழகிப்போய் வேறுபாடு குறைந்தது. தீனி போடும் நேரத்தில் எந்தப் பக்கமும் ஒன்றுதான். கட்டுப்பாட்டுச் சோதனை என்ற சொல்லை நான் சொல்வதற்கு முன்பே அதைச் செய்து முடித்துவிட்டார்கள்.

ஆய்வுக்கூடங்களிலும் இதே முறை உண்டு. கங்கைச் சமவெளி மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூலில் முதன்முதலாக விவரித்த நம் நாட்டுச் சிறுமீன் ஒன்று இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகிறது. ஸீப்ரா மீன் என்று அதற்குப் பெயர். பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தொட்டியில் விட்டால் அது கறுப்புப் பக்கத்தை நாடுவதை வைத்து மீன்களின் அச்சத்தை அளக்கிறார்கள்.

பின்னணிக்கேற்ப மீனின் நிறமும் மாறலாம். பல மீன்களின் தோலில் மெலனின் என்னும் கருநிறமித் துகள்கள் கொண்ட செல்கள் உள்ளன. துகள்கள் செல் முழுவதும் பரவினால் மீன் கருமையாகும். நடுவில் குவிந்தால் வெளிறும். இதற்கு மீன் தன் உடலைப் பார்ப்பதில்லை. மேலிருந்து வரும் ஒளியையும் தரையிலிருந்து எதிரொளித்து வரும் ஒளியையும் கண் ஒப்பிடுகிறது. ஆகவே பின்சுவரைவிடத் தரையின் நிறம் முக்கியம். வெள்ளைக் கூழாங்கல் போட்டு, பின்னால் மட்டும் கறுப்பு ஒட்டினால் முழுப் பயன் கிடைக்காது. மீன்களின் நிற மாற்றத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர் கார்ல் வான் ஃபிரிஷ். தேனீக்களின் நடனத்துக்காக 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற இவர், மீன்களுக்கு நிறம் தெரியும் என்பதையும் தம் இளமையிலேயே சோதனையால் காட்டினார்.

கப்பி மீனுக்கும் பின்னணிக்கும் உள்ள உறவு பரிணாமப் பாடத்துக்கும் பயன்படும். தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் தீவும் இதன் தாயகம். அங்கே இம்மீன்களை ஆராய்ந்த ஜான் எண்ட்லர் 1980இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வேட்டை மீன்கள் இருந்த குளங்களில் சில தலைமுறைகளிலேயே கப்பிகளின் புள்ளிகள் அடியில் உள்ள கூழாங்கற்களோடு ஒத்துப்போயின. வேட்டை மீன் இல்லாத குளங்களில் புள்ளிகள் எடுப்பாக, பின்னணியிலிருந்து மாறுபட்டு அமைந்தன. பின்னணி என்பது மீனுக்கு அலங்காரம் அல்ல, உயிர்.

உள்ளேயா, வெளியேயா?

எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி வந்தது. "தோலை வெளியே ஒட்டறதுக்குப் பதிலா உள்ளேயே வெச்சா என்ன? நனைஞ்சே இருக்குமே, பக்கமும் கறுப்பாத் தெரியுமே?" அறிவியலில் சரியான கேள்வி. நான் வகுப்பைப் பார்த்தேன். சிறிது நேரம் அமைதி. பிறகு அந்த மாணவிதான் சொன்னாள்: "உள்ள வெச்சா சாயம் தண்ணில எறங்கும். எங்க தாத்தா டேனரில வேலை செஞ்சவர். ஊறவெச்ச தண்ணி எங்க போச்சுன்னு சொல்லியிருக்கார்."

அவள் சொன்னது பாலாற்றை. நந்திமலையில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகக் கடலுக்குப் போகும் நம் ஆறு. ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பின்னர் குரோமியம் உப்புகள் வந்தன. தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பும், பதனிடும் வேதிப்பொருள்களும், சாயமும் கழிவுநீரோடு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கின. கிணறுகள் உவர்த்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் சுற்றுச்சூழல் சட்டத்தில் தவறாமல் படிக்கும் வழக்கு அது. அந்த வழக்கின் ஊர்ப் பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும். பாதி வகுப்பின் வீட்டில் அடுப்பு எரிவது தோலாலும் ஷூவாலும். பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் முன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது. நான் தொட்டியையே காட்டினேன். அதே தோல் கண்ணாடிக்கு வெளியே இருந்தால் மீனுக்கு நிழல். உள்ளே வந்தால் நஞ்சு. குற்றம் தோலில் இல்லை; எது எங்கே நிற்க வேண்டும் என்ற எல்லையைக் காப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் அந்த எல்லைக்காகத்தான் கட்டப்பட்டன. "அப்போ அது ஆத்துக்குக் கண்ணாடி மாதிரி" என்றான் ஒருவன். கண்ணாடியில் விரிசல் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி வகுப்பை முடித்தேன்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

1. இரண்டடித் தொட்டியில் 25 சென்டிமீட்டர் உயரம் நீர் நிரப்பினால் 45 லிட்டர். அதாவது நீர் மட்டுமே 45 கிலோ. உறுதியான மேசை, அடியில் தெர்மாகோல் அட்டை கட்டாயம்.

2. தண்ணீர் நிரப்பும் முன்பே பின்னணியை ஒட்டிவிடுங்கள். நிரப்பிய தொட்டியை நகர்த்தக்கூடாது. கண்ணாடியின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து ஒட்டுங்கள்.

3. நேர் வெயில் படும் இடத்தில் தொட்டியே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் கறுப்பு வேண்டாம்.

4. பெயின்ட் அடிப்பதானால் காலித் தொட்டியில், வெளிப்புறம் மட்டும், திறந்த வெளியில். வாடை முற்றிலும் போனபின் மீன் விடுங்கள்.

5. முதலில் இரண்டு மீன்கள் போதும். தீனி குறைவாக. சில வாரங்கள் கழித்து எண்ணிக்கையைக் கூட்டலாம்.

6. விடுமுறையிலும் பம்பு ஓட வழி செய்யுங்கள். முடியாவிட்டால் பம்பு தேவைப்படாத அளவுக்கு மீன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

7. கப்பி நம் நாட்டு மீன் அன்று. கொசுப்புழுவை உண்ணும் என்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. பெருகிவிட்டது என்று ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். உள்ளூர் மீன்களுக்குப் போட்டியாகிவிடும். கேட்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

மதிப்பீட்டுக்கு

நான் கேட்ட மூன்று கேள்விகள்: பின்கண்ணாடியில் ஒட்டிய உலர்ந்த தாள் தெரிகிறது, பக்கக் கண்ணாடியில் ஒட்டியது தெரியவில்லை, கதிர்ப்படம் வரைந்து விளக்கு. நம் தொட்டியில் மீன்கள் இறந்ததற்கு எந்தக் காரணத்தைத் தனியாகச் சோதித்தோம், எவற்றைச் சோதிக்கவில்லை? உன் வீட்டிலோ தெருவிலோ வெளியே இருக்க வேண்டிய எது உள்ளே வருகிறது? மூன்றாவது கேள்விக்கு வந்த விடைகளை எழுதினால் அது இன்னொரு கட்டுரை ஆகும்.

எஞ்சிய ஐந்தும் பெருகின. கப்பி முட்டையிடாமல் குட்டி போடும் மீன். இரண்டு மாதங்களில் தொட்டியில் எண்ண முடியாத குஞ்சுகள். கல்வியாண்டின் கடைசி வாரம் நான் அந்த மாணவியை அழைத்துப் பன்னிரண்டு மீன்களைப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவள் பையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து எண்ணினாள். பிறகு தன் கறுப்புத் துப்பட்டாவின் ஓரத்தைப் பைக்குப் பின்னால் பிடித்து மறுபடி எண்ணினாள். "பன்னெண்டு சரியா இருக்கு டீச்சர்" என்றாள்.